அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லிட்டி கடை, திருப்பூர்காரங்க கண்டிப்பா போய் சாப்பிடுங்க

திருப்பூர்ல வடநாட்டு சாப்பாடுன்னா எல்லாரும் பன்னீர் பட்டர் மசாலா போடற ஏசி ஹோட்டல தான் சொல்வாங்க, ஆனா அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீடுங்களுக்கு நடுவுல தகர ஷெட்ல பீகார்காரர் ஒருத்தர் கடை போட்டிருக்காருங்க, அங்க கிடைக்கற லிட்டி சோக்கா மாதிரி நான் இந்த ஊர்ல வேற எங்கயும் சாப்பிட்டதில்ல.

லிட்டின்னா கோதுமை மாவு உருண்டை. வறுத்த கொண்டைக்கடலைய அரைச்ச மாவுல பூண்டு, பச்சமிளகா, ஓமம், கடுகெண்ணெய், ஊறுகா மசாலா எல்லாம் போட்டு பெசஞ்சு உள்ள வெச்சு மூடி கரி அடுப்புல சுடறாங்க. மேல அங்கங்க கருகி லேசா வெடிக்கும், அப்ப எடுத்து துணில சாம்பல தட்டிட்டு நெய்ல முக்கி தட்டுல வைக்கறார். சோக்காவுக்கு கத்திரிக்கா தக்காளிய தணல்ல சுட்டு தோலுரிச்சு அவிச்ச உருளைக்கிழங்கோட கையாலயே மசிக்கறாங்க. கடுகெண்ணெய் வாசம் மொத வாய்க்கு ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிரும். 2 லிட்டி சோக்காவோட 50 ரூபா, வயிறு நெறஞ்சிரும். மத்தியானம் சோறு பருப்பு சுமார் தான்.

கடைக்காரர் முன்னாடி பனியன் கம்பெனில பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர், கயா பக்கம் கிராமம். தன்பாத்ல ஆலப்புழா எக்ஸ்பிரஸ் ஏறினா நேரா திருப்பூர்ல எறங்கிரலாம்னு அப்படி வந்தவர். ஊர்ல வேலையே இல்லையான்னு கேட்டேன், "நெலம் இருக்குண்ணா, கம்பெனி இல்ல"ன்னார், தமிழ்லயே.

அந்த பதில் சாதாரணமானதில்லைங்க. நிலக்கரியும் இரும்பும் பழைய பீகார் (இப்ப இருக்கற ஜார்க்கண்டும் சேத்து) மண்ணுல கொட்டிக் கெடந்துச்சு. 1952ல மத்திய அரசு சரக்குக் கட்டணத்த சமன் பண்ணி, அந்த நிலக்கரியும் இரும்பும் நாட்டுல எங்க வாங்கினாலும் ஒரே விலைங்கற மாதிரி ஆக்குச்சு. அப்புறம் எவன் சுரங்கத்துக்குப் பக்கத்துல போய் கம்பெனி கட்டுவான், துறைமுகம் இருக்கற ஊருக்கு தான் போவான். பருத்திக்கு அந்த சலுகை இல்ல, அதனால பருத்தி வெளையற ஊர்களுக்கு இருந்த ஆதாயம் மட்டும் அவங்ககிட்டயே நின்னுச்சு. நாப்பது வருஷம் ஓடி 1990கள் தொடக்கத்துல தான் அது முடிஞ்சுது, 2000ல ஜார்க்கண்ட் பிரிஞ்சப்ப தன்பாத், பொகாரோ, ஜாம்ஷெட்பூர் எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு. நில உடைமை, படிப்பு, ஆட்சின்னு வேற காரணமும் நெறைய இருக்கு, ஆனா இத யாரும் பேசறதே இல்ல. 2022-23 கணக்குல தமிழ்நாட்டுல தலைக்கு வருஷ வருமானம் 2.7 லட்சத்துக்கு மேல, பீகார்ல 55 ஆயிரத்த ஒட்டி, கிட்டத்தட்ட 5 மடங்கு வித்தியாசம்.

மத்திய வரில மாநிலங்களுக்குப் பிரிச்சுத் தர்ற தொகைல, 15வது நிதிக்குழு (2021-26) பீகாருக்கு 10 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4 சதவீதம் சொச்சம்னு வெச்சுச்சு, அதுல எனக்கும் வருத்தம் உண்டு, அத டெல்லி கிட்ட தான் கேக்கணும், ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்து லிட்டி சாப்பிடற பையன் கிட்ட இல்ல. நாட்டோட பின்னலாடை ஏற்றுமதில பாதிக்கு மேல நம்ம ஊர்ல இருந்து போகுதுன்னா அதுல இவங்க கையும் இருக்கு. 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல வடநாட்டு தொழிலாளிங்கள அடிக்கறாங்கன்னு பரவின பொய் வீடியோவ நம்பி பயந்து இவங்க கெளம்பினப்ப கம்பெனிக்காரங்க எவ்ளோ பதறினாங்கன்னு நாம பாத்தோமே. "வடக்கன்"னு ஏளனமா பேசறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வருது.

கொறன்னு பாத்தா உக்கார ரெண்டு பெஞ்சு தான், குடிதண்ணி கையோட கொண்டு போயிருங்க, முன்னாடி சாக்கடை மூடி இல்லாம கெடக்கு, கார் உள்ள போகாது. சனிக்கிழமை சம்பளம் போடற ராத்திரி நிக்கக்கூட எடம் இருக்காது, மத்த நாள் 7 மணிக்கு மேல போனா சுடச்சுட கிடைக்கும். ஹோலிக்கும், தீபாவளி முடிஞ்சு வர்ற சத் பூஜைக்கும் அவர் ஊருக்கு போயிருவார், அந்த சமயம் கடை பூட்டியிருக்கும்.