புதைபடிவப் பல்லை அச்செடுக்க பிரசிடென்ட் ஜெட் சிலிக்கோன்: எங்கே கைகொடுக்கும், எங்கே கெடும்

அசைபோடும் விலங்கு ஒன்று சாவதற்கு முந்தைய சில நாட்களில் என்ன மேய்ந்தது என்பது, அதன் கடைவாய்ப்பல் எனாமலில் மைக்ரான் அளவுத் தடயங்களாக நிற்கிறது. புல் மேய்ந்திருந்தால் கீறல்கள் அடர்ந்து ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும். இலைதழை தின்றிருந்தால் கீறல் குறைவு, குழிகள் அதிகம். மூலப் பல்லை அருங்காட்சியகத்திலிருந்து நுண்ணோக்கி வரை கொண்டுபோக பெரும்பாலும் வழியில்லை, அச்சுதான் போகும். பல் மருத்துவர்களுக்காக கோல்டேன் நிறுவனம் தயாரிக்கும் பிரசிடென்ட் ஜெட் சிலிக்கோன், அதிலும் நடுத்தரப் பதமுள்ள ரெகுலர் பாடி வகை, இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. அதற்கு அது தகுதியானதுதான்.

பெரிய பலம் அதன் பதம். நீர்த்த பதமுள்ள லைட் பாடி வகை சரிவில் வழிந்து விரிசலுக்குள் இறங்கும். பிரிக்கும்போது அறுந்து உள்ளேயே தங்கிவிடும். ரெகுலர் பாடி வைத்த இடத்தில் நிற்கும், நுண்கீறல்களையும் பிடிக்கும். உறைந்தபின் சுருங்குவதும் மிகக் குறைவு.

50 மில்லி குழாயில், கலந்தால் உறையும் இரு பகுதிகளும் சம அளவில் இருக்கும். பிதுக்கும் துப்பாக்கியில் மாட்டி, கலவை முனையைப் பொருத்துவதற்கு முன் ஒரு பட்டாணி அளவைக் காகிதத்தில் பிதுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே சீராக வரவேண்டும். இல்லையென்றால் அச்சில் உறையாத ஒட்டுத்திட்டுகள் நிற்கும். வழக்கமான இடம் இரண்டாம் கடைவாய்ப்பல்: மேல்தாடை என்றால் பாராகோன் என்ற முகடு, கீழ்த்தாடை என்றால் புரோட்டோகோனிட் என்ற முகடு. எனாமல் பட்டையின் ஓர் ஓரத்தில் தொடங்கி, முனையைத் தூக்காமல் நகர்த்துங்கள். தூக்கினால் காற்றுக்குமிழ் சிக்கும். சிறு குமிழ், பிறகு அச்சில் ஊற்றி எடுக்கும் வார்ப்பில் புடைப்பாக வந்து அந்த இடத்தின் தடயத்தையே மறைத்துவிடும். 10 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த அறையில் இன்னும் நேரமாகும். நகத்தால் அழுத்தித் தடம் நின்றால் காத்திருங்கள்.

கெடுவதற்கு முதல் காரணம் லேடெக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகம், சிலிக்கோனை உறையவைக்கும் பிளாட்டின வினையூக்கியை முடக்கிவிடும், மேற்பரப்பு பிசுபிசுத்தே இருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். அடுத்தது சுத்தம். பழைய பசை, வார்னிஷ் எதுவும் மேலே இருந்தால் அச்சில் பதிவது பல் அல்ல, பசை. பஞ்சில் அசிட்டோன், பிறகு எத்தனால் என்று துடைப்பது வழக்கம். ஆனால் அந்தப் பசைதான் பல்லையே பிடித்துவைத்திருக்கலாம். ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் தொடவே கூடாது. முதல் அச்சு மிச்ச அழுக்கை உரித்தெடுக்கும், அதை எறிந்துவிடுங்கள். இரண்டாவதுதான் ஆவணம்.

உண்மையான குறை ஒன்று உண்டு: சிலிக்கோன் எண்ணெய், பல்லின் நுண்துளை உள்ள பகுதிகளான டென்டினிலும் (எனாமலுக்கு அடியிலுள்ள திசு) சிமென்டத்திலும் (வேரைப் போர்த்தும் திசு) ஊறிக் கறையாகலாம். சுண்ணாம்பு போல உதிரும் பல்லில் இதை வைக்கவே வேண்டாம்.

அச்செடுத்த உடனே வார்ப்புக்கான எப்பாக்சி பிசினை ஊற்றாதீர்கள். இவ்வகைச் சிலிக்கோனிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறக்கூடும், வார்ப்பின் மேல்பரப்பு பொத்துப்போகும். அதுவும் குழிகள் மாதிரியே தெரிவதால், புல்மேய்ந்த விலங்கையும் இலைதின்னி என்று எண்ணிவிட நேரும். சில மணி நேரம் பொறுத்து, தெளிந்த எப்பாக்சியை வெற்றிடக் கலத்தில் குமிழ் நீக்கி ஊற்றுங்கள். 35 மடங்கு உருப்பெருக்கத்தில், சாய்வான ஒளியில் கீறல்களையும் குழிகளையும் எண்ணலாம்.

இத்தனை கவனம் எதற்கு? ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம் என்றாலே இலைதின்னி என்ற எண்ணத்தை, 1988இல், அக்குடும்பத்தின் அழிந்துபோன விலங்கான சாமோதேரியத்தின் பல்தேய்மானத்தை வைத்துதான் ஆய்வாளர் சொலூனியாஸ் குழுவினர் உடைத்தார்கள். அது புல்லும் மேய்ந்திருக்கிறது. எலும்பின் வடிவத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஒரே ஆய்வின் நடுவில் பிராண்டை மாற்றாதீர்கள். அச்சுப்பொருளுக்கு ஏற்ப மேற்பரப்புச் சொரசொரப்பின் அளவீடு மாறும். மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளக்கும் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அளப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. குழாயின் தொகுதி எண்ணை ஒவ்வொரு அச்சின் பின்புறமும் எழுதிவையுங்கள்.

பல்லின் முகடுகள் கூரா, உருண்டையா, மழுங்கலா என்று மட்டும் பார்க்கவேண்டுமா? அதற்கு இந்தச் செலவு தேவையில்லை. பக்கவாட்டில் எடுத்த தெளிவான புகைப்படம் போதும். அதில் தெரிவது நாட்கணக்கு உணவல்ல, மாதங்கள், ஆண்டுகளாக நடந்த மேய்ச்சல்.