கோபப்பட்டால் உயிர் ஏறும்: காட் ஆஃப் வார் (2018)

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். 2018 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த ஆட்டம் இது. 2022 ஜனவரியில் கணினிக்கும் வந்துவிட்டதால் இதற்காகத் தனி விளையாட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. வட்டில் 70 ஜிபி இடம் மட்டும் ஒதுக்க வேண்டும். தமிழ் எழுத்துரை (சப்டைட்டில்) கிடையாது. நாயகன் கிரேட்டோஸ் பெரும்பாலும் உறுமுவதோடு நிறுத்திக்கொள்வதால் அவனைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. மிமிர் என்ற அறிவாளித் தலைதான் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் பொரிந்து தள்ளுகிறது. அதற்காகவாவது ஆங்கில எழுத்துரையைப் போட்டுக்கொள்ளுங்கள். தலை என்றால் வெறும் தலைதான். உடம்பு கிடையாது, கிரேட்டோஸின் இடுப்பில் தொங்கியபடி வருகிறது.

சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் அதிகம்.

நான் எந்த மாதிரி ஆண்களோடு விளையாடி வளர்ந்தவள் என்பதையும் சொல்ல வேண்டும். டிவி கேம் காலத்துக் காண்ட்ராவில் சட்டையில்லாத இரண்டு பேர் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அப்புறம் பிரவுசிங் சென்டரில் வைஸ் சிட்டியின் டாமி வெர்செட்டி. பூப்போட்ட சட்டை, வாயைத் திறந்தால் வசை. 2005-இல் வந்த முதல் காட் ஆஃப் வாரின் கிரேட்டோஸ் இவர்கள் எல்லோரையும் ஓரங்கட்டினான். போர்க்கடவுள் ஏரிஸின் சூழ்ச்சியில் சொந்த மனைவியையும் மகளையும் கொன்றவன். அவர்களுடைய சாம்பல் தோலோடு ஒட்டிக்கொண்டு உடம்பே வெளுத்துப்போனவன். இவ்வளவு பெரிய துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் என்ன செய்தது தெரியுமா? கப்பலில் இரண்டு பெண்களோடு படுக்க வைத்து, சரியான பொத்தானை அழுத்தினால் சிவப்பு உருண்டைகளைப் பரிசாகக் கொடுத்தது. 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு பெண்ணை இழுத்துவந்து முட்டுக்கொடுக்கிறான். அவள் நசுங்கிச் சாகிறாள். அந்த இடத்தோடு அந்தத் தொடரை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

2018-இல் வந்திருப்பவன் அதே ஆள், வயது ஏறியவன். கிரேக்கத்தை விட்டு வடதேசத்துக் காட்டுக்கு வந்து, மறுமணம் செய்து, மகன் பெற்று, அந்த மனைவியையும் இழந்து நிற்கிறான். அவளுடைய சாம்பலை ஒன்பது உலகங்களிலும் உயர்ந்த சிகரத்திலிருந்து தூவ வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. அப்பாவும் மகன் அட்ரியஸும் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். இயக்குநர் கோரி பார்லாக் தாம் தந்தையான அனுபவம் இதில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். விளையாடும்போது அது தெரிகிறது.

ஆரம்பத்திலேயே ஒரு மான் வேட்டை வருகிறது. பையன் விட்ட அம்பு தைத்து மான் விழுகிறது, ஆனால் சாகவில்லை. ஆரம்பித்ததை முடி என்று கத்தியைக் கொடுக்கிறான் அப்பா. பையனின் கை நடுங்குகிறது. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தி, தானே முடிக்கிறான். பிறகு பையன் குனிந்து உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து அந்தப் பெரிய கை அவன் தோளை நோக்கி மெல்ல எழுகிறது. தொடப்போகும் நேரத்தில் நின்று, திரும்பிப் போய்விடுகிறது. ஒரு வசனமும் இல்லை. பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகன், கல்லூரியில் படிக்கிறவன், “ஏன் அத்தை தொடவில்லை?” என்று கேட்டான். “உன் தாத்தாவைக் கேள்” என்றேன். என் அப்பா எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் தூங்கிய பிறகுதான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நாங்கள் விழித்திருந்து பிடித்துவிட்டால், கொசு அடிக்க வந்ததாகச் சொல்வார்.

இதுவரை பாராட்டு. இனி குறை.

சண்டை பிரமாதம். லெவியத்தான் கோடரியை வீசிவிட்டு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்து உள்ளங்கையில் அறையும், கன்ட்ரோலர் அதிர்கிறது. எதிரியே இல்லாத இடத்திலும் சும்மா வீசிக்கொண்டிருந்தேன். ஆனால் கன்ட்ரோலரில் இருக்கும் இரண்டு குச்சிகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிரேட்டோஸுக்கு வெறி பிடிக்கும், கோடரியை விட்டுவிட்டு வெறுங்கையால் குத்துவான், ஒவ்வொரு குத்துக்கும் அவனுடைய உயிர் ஏறும். சாகக் கிடந்தவன் கோபப்பட்டே பிழைத்துக்கொள்கிறான். வசனத்தில் எல்லாம் கோபத்தை அடக்கு, நிதானமாக இரு என்று மகனுக்குப் பாடம். விரல் நுனியில் கோபம்தான் மருந்து. மகனுக்கு என்று கொடுத்திருக்கும் பொத்தானோ ஒன்றே ஒன்று. அதை அழுத்தினால் அவன் அம்பு விட வேண்டும், எதிரி திணற வேண்டும், அப்பா போய் அவனைப் பிய்த்து எறிய வேண்டும். திருந்திய மனிதன் என்று எழுதியவர்களும் இந்தச் சண்டையை அமைத்தவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்களா என்றே எனக்குச் சந்தேகம்.

பேசிக்கொண்ட இடமும் ஒன்று உண்டு, அது அருமையாக வந்திருக்கிறது. தன் தேசத்து உலோகத்தையும் இந்த மண்ணின் உலோகத்தையும் கலந்து இரண்டு கத்திகள் செய்து, ஒன்றைப் பையனிடம் கொடுக்கிறான் கிரேட்டோஸ். “அப்படியானால் நானும் உங்களைப் போல ஆண்பிள்ளை ஆகிவிட்டேனா?” என்று பையன் ஆசையோடு கேட்கிறான். இல்லை, நாம் அதற்கும் மேலானவர்கள், பொறுப்பு இன்னும் பெரியது, நீ என்னைவிடச் சிறந்தவனாக இருக்க வேண்டும் என்கிறான் அப்பா. அழகான பேச்சு. பையனின் காதில் விழுந்தது என்னவோ ‘மேலானவர்கள்’ என்ற ஒன்றுதான். தான் கடவுள் என்று தெரிந்ததும் தலைக்கனம் ஏறி, அடிபட்டுத் தள்ளாடி வரும், இடிக்கடவுள் தோரின் மகன் மோடியைக் கத்தியால் குத்தி, மலையிலிருந்து உதைத்துத் தள்ளுகிறான். அந்த மோடியை அப்படி அடித்துத் துவைத்து அனுப்பியது அவனுடைய சொந்த அப்பா தோர்தான், அண்ணனைச் சாகவிட்டு ஓடிவந்த கோழை என்பதற்காக. இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம்.

பெண்கள் விஷயத்தில் எனக்குத் தீராத வருத்தம் இருக்கிறது. மனைவி ஃபே கதை தொடங்கும்போதே இறந்துவிட்டாள். கிரேட்டோஸ் வீசும் கோடரி அவளுடையது, போகும் வழி அவள் வகுத்தது, கடைசியில் தெரியவரும் ரகசியமும் அவளுடையது. அவளுக்கு மட்டும் ஒரு காட்சி இல்லை. ஃப்ரேயா என்ற தாய், மகன் பால்டர் சாகக்கூடாது என்று மந்திரம் போட்டாள். அதனால் அவனுக்கு வலி, சுவை, தொடுதல் எதுவுமே தெரியாமல் போனது. தப்புதான், பெரிய தப்பு. ஆனால் ஊரையே கொன்ற தகப்பனுக்கு மனம் மாறுவதற்கு இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரு முழு ஆட்டத்தைக் கொடுத்தவர்கள், அந்தத் தாய்க்கு என்ன கொடுத்தார்கள்? அவள் கண்ணெதிரே கிரேட்டோஸ் அவளுடைய மகனின் கழுத்தை ஒடிக்கிறான், அந்த மகனிடமிருந்தே அவளைக் காப்பாற்றுவதற்காக. இந்தச் சங்கிலி இங்கே அறுபட வேண்டும் என்று வசனமும் பேசுகிறான். அறுபட வேண்டிய சங்கிலி எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கழுத்தில்தான் இருக்கும் போலிருக்கிறது. 2022-இல் வந்த ராக்னராக் பாகத்தில் ஃப்ரேயாவுக்கு ஓரளவு நியாயம் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குரல் கொடுத்த கிறிஸ்டோபர் ஜட்ஜுக்கு ஒரு கும்பிடு. மகனைப் பெயர் சொல்லி அழைக்கவே யோசிக்கிற ஆளின் தொண்டைக்குள் எத்தனை சொற்கள் சிக்கியிருக்கின்றன என்று அந்த உறுமலிலேயே கேட்க முடிகிறது. கேமராவும் முதலிலிருந்து கடைசிவரை வெட்டே இல்லாமல் அவன் முதுகுக்குப் பின்னாலேயே வருவதால், அவனை விட்டு நாமும் நகர முடிவதில்லை.

சண்டை கைவராதவர்கள் கூச்சப்படாமல் மிக எளிய நிலையை வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஒன்றும் குறையாது. படகில் போகும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பையன் கதை கேட்பான், அப்பா ஆமையும் முயலும் கதையை ரசமே இல்லாமல் இரண்டு வரியில் முடிப்பான், பையன் தலையில் அடித்துக்கொள்வான். கரை வந்துவிட்டால் மிமிரின் கதை பாதியில் நிற்கும். கவலை வேண்டாம், மறுபடி படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து அந்தத் தலை தொடங்கிவிடும்.