999 ரூபாய் நார்சிஸிசம் ஒர்க்ஷாப்: முதல் நாள் ஓகே, ரெண்டாவது நாள் தலைவலி

போன மாசம் ஒரு ஆன்லைன் ஒர்க்ஷாப் அட்டெண்ட் பண்ணேன், நார்சிஸிஸ்ட்டுகளை, அதாவது தன்னையே பெருசா நெனச்சு எல்லாரும் தன்ன மெச்சிக்கிட்டே இருக்கணும்கற ஆளுங்களை, அடையாளம் கண்டுபிடிக்கறது எப்படின்னு. சனி, ஞாயிறு ரெண்டு நாள், சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும், ஃபீஸ் 999. நடத்துனவங்க பேர் போடல, சின்ன டீம், என்னால அவங்க பொழப்புல மண் விழ வேண்டாம். ஆனா இந்த மாதிரி ஒர்க்ஷாப் இப்ப தெருவுக்கு நாலு நடக்குது, காசு கட்டறதுக்கு முன்னாடி யாராச்சும் படிச்சா உபயோகமா இருக்கும்.

ஏன் போனேன்னு உண்மைய சொல்லிடறேன். பழைய ஆபீஸ் மேனேஜர். நாம ராத்திரி முழுக்க உக்காந்து ரெடி பண்ண ரிப்போர்ட்ட காலைல மீட்டிங்ல "நேத்து எனக்கு ஒண்ணு தோணுச்சு"ன்னு ஆரம்பிப்பாரு. வேலைய விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னமும் குளிக்கறப்ப மனசுக்குள்ள அவரோட சண்டை போட்டுட்டு இருக்கேன். அந்த ஆளுக்கு வைக்க ஒரு பேர் வேணும், அதுக்குத்தான் காசு கட்டினேன். ஜூம்ல எழுபது பேர் கிட்ட இருந்தாங்க. யாருக்காக வந்திருக்கீங்கன்னு சாட்ல போடச் சொன்னாங்க. புருஷன், மாமியார், அண்ணன், பாஸ், எக்ஸ், மறுபடி மாமியார்... எனக்கே இருக்கான்னு பாக்க வந்தேன்னு ஒருத்தர் கூட போடல. நானும் போடல.

முதல் நாள் சத்தியமா நல்லா இருந்துச்சு. தண்ணில தன் முகத்தையே பாத்து மயங்கிப்போன நார்சிஸஸ்ங்கற அந்த கிரேக்கப் பையன் கதைல ஆரம்பிச்சப்ப சரி, இதத்தான் ரெண்டு மணி நேரம் ஓட்டப் போறாங்கன்னு நெனச்சேன், ஆனா அஞ்சே நிமிஷத்துல மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்ட் 1914ல இதப் பத்தி எழுதுன கட்டுரைக்கு வந்து, அங்கிருந்து 1970கள்ல நடந்த பெரிய சண்டைக்கு வந்துட்டாங்க. கோஹுட், கெர்ன்பெர்க்னு ரெண்டு மனநல டாக்டர்ங்க, ரெண்டு பேரும் வியன்னால பொறந்து நாஜிக்களுக்கு தப்பி வந்தவங்க, ஆனா இந்த விஷயத்துல நேர் எதிர். கோஹுட் என்ன சொல்றாருன்னா, குழந்தை "இங்க பாரு, என்னப் பாரு"ன்னு குதிக்கறப்ப கண்ணு மலர்ந்து பாக்க ஒரு ஆள் வேணும், அது கிடைக்காம போனா வளர்ச்சி அந்த இடத்துலயே நின்னுடும், பெரியவனான பிறகும் அந்தப் பார்வையத் தேடிட்டே இருப்பான், அதனால டாக்டர் பரிவோட அணுகணும். கெர்ன்பெர்க் அப்படி விடல. அந்தப் பெருமை ஒரு கவசம், உள்ள கொதிக்கறது கோபமும் பொறாமையும், அத அவன் முன்னாடியே எடுத்து வச்சுப் பேசணும்கறாரு. இதுக்கு மட்டும் முக்கா மணி நேரம் எடுத்தாங்க, குடுத்த காசுல பாதி இதுலயே தேறிடுச்சு.

அப்புறம் டைப்ஸ். எல்லாருக்கும் தெரிஞ்சது கிராண்டியோஸ், அதாவது கல்யாண வீட்டுல மாப்பிள்ளையாவும் எழவு வீட்டுல பொணமாவும் நான்தான் இருக்கணும்கற ரகம். அடுத்தது வல்னரபிள், இதுதான் எனக்குப் புதுசு. வெளிய பாத்தா தொட்டாச்சிணுங்கி, கூச்சம், "நான் யாருக்கும் வேண்டாதவ"ன்னு புலம்பல், ஆனா அடியில இருக்கறது அதே சரக்கு, எனக்கு மத்தவங்கள விட ஒரு படி தனி மரியாதை வேணும், அது நீங்களா தெரிஞ்சு குடுக்கணும். 1991ல பால் விங்க்னு ஒருத்தர் நார்சிஸிசத்த அளக்கற பழைய கேள்வித்தாள்களை எல்லாம் ஒண்ணா வச்சு அலசி இது ஒண்ணு இல்ல ரெண்டு முகம்னு காட்டினாராம். எனக்கு உடனே எங்க பெரியம்மா ஞாபகம், வளைகாப்புல முதல் வளையல் போட தன்னக் கூப்பிடலன்னு ஆறு மாசம் பேசாம இருந்தவங்க. ஆனா கோச்சுக்கறவங்க எல்லாம் நார்சிஸிஸ்ட் கிடையாது, ஒரே ஆளு இந்த ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடறதும் உண்டுன்னு க்ளாஸ் எடுத்த மேடமே சொன்னாங்க, அது எனக்குப் பிடிச்சுது.

மூணாவதா கம்யூனல், 2012ல தான் இதப் பத்தி தனியா ஆராய்ச்சி வந்திருக்கு. என்ன மாதிரி உதவி பண்றவன் உலகத்துலயே இல்லங்கற ஆளுங்க. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் குடுத்துட்டு வெளிச்சமே வராத அளவுக்கு உபயம்னு பேர எழுதி வைப்பாங்களே, அவங்கதான். ஜூம்ல மொத்தப் பேரும் ம்யூட்ட எடுத்துட்டு சிரிச்சாங்க. மாலிக்னன்ட் வகையப் பத்து நிமிஷத்துல முடிச்சாங்க, எரிக் ஃப்ராம்ங்கற மனோதத்துவ அறிஞர் 1964ல வச்ச பேர், ஈவிரக்கமில்லாத குரூரமும் சேந்தது, அவ்வளவு போதும்.

ஒரு குறை. என் மேனேஜருக்கு கச்சிதமா பொருந்தறத அவங்க சொல்லவே இல்ல, நானா தேடிப் படிச்சேன். ஜெர்மனில 2013ல பாக்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும், கிராண்டியோஸ்லயே ரெண்டு வழி இருக்குன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணு கவர்ந்து கைதட்டல் வாங்கறது, இன்னொண்ணு அடுத்தவன மட்டம் தட்டித் தன்னக் காப்பாத்திக்கறது. சேந்த புதுசுல அந்த ஆள எங்க எல்லாருக்கும் அவ்வளவு பிடிச்சுது, ஆறு மாசத்துல முகம் மாறுச்சு, ஏன்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுது.

ரெண்டாவது நாள் தான் கடுப்பு. ஒரே ஸ்லைடுல பன்னெண்டு டைப். ஸ்பிரிச்சுவல், ஃபைனான்ஷியல், அழகு, அறிவுன்னு வரிசையா, எல்லாம் டாக்டர் எழுதிக் குடுத்த வியாதி மாதிரி. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வச்சிருக்கற டிஎஸ்எம் புத்தகத்துல 1980ல இருந்து இருக்கறது ஒரே ஒரு நார்சிஸிஸ்டிக் பெர்சனாலிட்டி டிஸார்டர், அறிகுறி ஒன்பது, அதுல குறைஞ்சது அஞ்சு இருக்கணும், டைப்பே பிரிக்கல. உலக சுகாதார நிறுவனத்தோட வியாதிப் பட்டியல் ஐசிடி-11, 2022ல அமலுக்கு வந்தது, அதுல இந்தப் பேருல தனி வியாதியே இல்ல, ஆளுமைக் கோளாறுன்னு பொதுவா வச்சு எவ்வளவு தீவிரம்னு தான் பாக்கறாங்க. இத நான் கேட்டதுக்கு "நாம ப்ராக்டிக்கலா பாப்போம் சிஸ்டர்"னு அடுத்த கேள்விக்கு போயிட்டாங்க. அடுத்தவங்க கேட்டது, "மேடம், எங்க வீட்டுக்காரர் ஏழாவது டைப்பா ஒன்பதாவது டைப்பா?" ரெண்டு நிமிஷம் கதை கேட்டுட்டு "ஏழு"ன்னாங்க. ரேஷன் கடை டோக்கன் மாதிரி.

நாப்பது கேள்வி உள்ள ஒரு டெஸ்ட்டும் குடுத்தாங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாக்கியம், ஒண்ண எடுக்கணும். நல்ல பழைய டெஸ்ட் தான், ஆனா சாதாரண ஜனங்களோட குணத்த அளக்க ஆராய்ச்சிக்கு செஞ்சது, வியாதி கண்டுபிடிக்க இல்ல, அதுவும் அவங்கவங்க தனக்கு போட்டுக்கறது. இங்க என்னன்னா அந்த இன்னொருத்தருக்காக நீங்க போடுங்கன்னுட்டாங்க. மேனேஜருக்கு 33 போட்டேன். அப்புறம் சும்மா இருக்காம எனக்கும் போட்டுப் பாத்தேன், 21. நான் பத்துக்குள்ள வருவேன்னு நெனச்சிருந்தேன். என் கீழ வேலை பாத்த பொண்ணு போட்ட எக்ஸெல் ஷீட்ட நானும் ஒரு தடவ என்னோடதுன்னு காட்டியிருக்கேன், அன்னைக்கு ராத்திரி அதுதான் தூங்க விடல.

முடிக்கறப்ப மூணு மாச ஹீலிங் ப்ரோக்ராம், 14,999, இன்னைக்கு ராத்திரி 12 மணி வரைக்கும் தான் இந்த ரேட்டாம். ரெக்கார்டிங் ஏழு நாள் தான் ஓப்பனா இருக்கும், நோட்ஸ் பிடிஎஃப்ல பாதி பக்கம் அவங்க விளம்பரம். வீட்டுல நெஜமாவே அடி உதைன்னு இருந்தா இதுல காசு போடாதீங்க, 181க்கு போன் பண்ணுங்க, மகளிர் ஹெல்ப்லைன், இலவசம்.

முதல் நாளுக்கு நாலு ஸ்டார், ரெண்டாவது நாளுக்கு ஒண்ணு. ஃபீட்பேக் ஃபார்ம்லயும் இதையேதான் எழுதினேன். மறுநாள் மேடம் வாட்ஸப்ல, "உங்க பதில்ல அட்டென்ஷன் தேடற பேட்டர்ன் தெரியுது சிஸ்டர், ப்ரோக்ராம்ல சேருங்க பேசுவோம்"னு அனுப்பியிருந்தாங்க. எத்தனாவது டைப்னு போடல, அதுக்கு 14,999 கட்டணும் போல.