நம் செஸ் டோர்னமென்ட் ஆட்டத்தை நாமே அனலைஸ் செய்வது: நீண்ட காலம் செய்ததில் தெரிந்தவை

ஆட்டம் முடிந்த கையோடு போனில் ஏற்றி, எஞ்சின் (நகர்த்தல்களை மதிப்பிடும் கம்ப்யூட்டர் நிரல்) சிவப்புக் கேள்விக்குறி போட்ட இடங்களைப் புரட்டிவிட்டு மூடிவிடுவதுதான் பலர் செய்யும் அனாலிசிஸ். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த டோர்னமென்டில் அதே தவறு திரும்ப வரும். எந்தக் காய் எங்கே போயிருக்க வேண்டும் என்று எஞ்சின் சொல்லும். அந்த நேரத்தில் நம் தலைக்குள் என்ன ஓடியது என்று அதற்குத் தெரியாது. திருத்த வேண்டியது தலைக்குள் ஓடியதைத்தான். 1400 முதல் 1800 வரை ரேட்டிங் உள்ளவர்களை மனதில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதியிருக்கிறோம்.

வேலை போர்டிலேயே தொடங்குகிறது. ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தலோடு மீதி நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இதை அனுமதிக்கிறது. யோசனைகளைக் குறிப்பாக எழுதுவதைத்தான் தடுக்கிறது. ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை, அதோடு நீண்ட நேரம் யோசித்த ஒவ்வொரு இடத்திலும் எழுதினால் போதும். 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில் பன்னிரண்டாவது நகர்த்தலுக்கே 25 நிமிடம் செலவாகியிருந்தால், முப்பத்தைந்தாவது நகர்த்தலில் வந்த பிழைக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். ஒரிஜினல் ஷீட் நடத்துபவருக்குச் சொந்தம், நமக்குக் கார்பன் நகல்தான். பேனாவை அழுத்தி எழுதாவிட்டால் அதில் எழுத்து விழாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு யானையும் டி1 கட்டத்துக்குப் போக முடியும் என்ற நிலையில் எந்த யானை போனது என்று எழுத மறப்பது அடிக்கடி நடக்கும். பின்னால் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நாலு நகர்த்தல் தள்ளி நிலை உதைக்கும். அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும். ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு சேர்ந்து அலசும் போஸ்ட்மார்ட்டத்தின்போதே இதைச் சரிபார்த்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

அன்று இரவே, எஞ்சினை அணைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தின் ஸ்டடி வசதி இதற்குப் போதும்: இலவசம், ஒரு ஸ்டடியில் 64 சாப்டர் வரை போடலாம். ஒரு டோர்னமென்டுக்கு ஒரு ஸ்டடி, ஒரு ரவுண்டுக்கு ஒரு சாப்டர், பிரைவேட்டாக. நகர்த்தல்களை ஏற்றிய பிறகு, யோசித்து ஆடிய இடங்களில் மட்டும் இரண்டு வரி எழுதுங்கள்: எதற்குப் பயந்தேன், வேறு எந்த நகர்த்தலைப் பார்த்தேன், ஏன் விட்டேன். மறுநாள் இந்த நினைவு பாதிகூட இருக்காது. கம்ப்யூட்டர் அனாலிசிஸ் பட்டனை இந்தக் கட்டத்தில் அழுத்தவே கூடாது. யார் கை ஓங்கியிருந்தது என்று அது காட்டும் கிராஃபை ஒருமுறை பார்த்துவிட்டால் சொந்த யோசனை அதற்கேற்ப வளைந்துவிடும். குகேஷ் ஏறத்தாழ 2500 ரேட்டிங் வரும் வரை எஞ்சின் இல்லாமலே பயிற்சி பெற்றதைப் பற்றி அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு நாள் தள்ளிப்போட்டாலே பலன் தெரியும்.

பிறகு எஞ்சின். மூன்று லைன் (எஞ்சின் காட்டும் முதல் மூன்று நகர்த்தல் வரிசைகள்) வைத்து, ஒவ்வொரு முக்கிய நிலையிலும் அரை நிமிடமாவது ஓடவிடுங்கள். எஞ்சின் நிலைக்குத் தரும் மதிப்பில் 0.1-க்கும் 0.4-க்கும் உள்ள வித்தியாசத்தைத் துரத்த வேண்டாம், நம் மட்டத்தில் அது ஆட்டத்தை மாற்றாது. +6 இருந்தது +3 ஆனாலும் கவலையில்லை. ஜெயிக்கும் நிலை சமமானதா, சமம் தோல்வியானதா என்பதை மட்டும் பாருங்கள். எஞ்சின் காட்டும் சிறந்த நகர்த்தலைப் படிப்பதைவிட, நாம் ஆட நினைத்து விட்ட நகர்த்தலைப் போட்டு அதற்கு என்ன பதில் வருகிறது என்று பார்ப்பதில்தான் பாடம் அதிகம்.

கண்ணுக்குத் தெரிந்த உதாரணம், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். வெள்ளையில் டிங் லிரன், கறுப்பில் குகேஷ். இரு பக்கமும் யானையும் வெள்ளைக் கட்ட மந்திரியும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், நிலை டிரா. டிங் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் மந்திரி டி5-க்கு வந்தது. ஏ8 மூலையில் இருந்த டிங்கின் மந்திரிக்குத் தப்ப வழியில்லை. அதுவும் மாறியதும் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் சிப்பாய் எண்ட்கேம், குகேஷுக்கு வெற்றி. எஞ்சின் இதற்கு இரண்டு கேள்விக்குறி போடும், அவ்வளவுதான். நோட்டில் எழுத வேண்டியது வேறு: ‘யானை மாறினால் அடுத்து மந்திரியும் கட்டாயமாக மாறுமா, அப்போது சிப்பாய் எண்ட்கேம் என்ன ஆகும் என்று கணக்கிடவில்லை.’ அப்படி எழுதினால் அது அடுத்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

இதற்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை, கணக்கு பாதியில் நின்றது, தப்பான காய்மாற்றம், நேர நெருக்கடி, திட்டமில்லாமல் ஆடியது, ஓப்பனிங் தெரியவில்லை என்று ஆறு தலைப்பு போதும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று பதிவுக்கு மேல் வேண்டாம். ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்து எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது. இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். ஓப்பனிங்தான் பிரச்சினை என்று நம்பிக் கோர்ஸ் வாங்கும் பலருடைய நோட்டில் அந்தத் தலைப்பின் கீழ் மிகக் குறைவாகவே இருக்கும். முதல் இரண்டு தலைப்புகள்தான் பக்கத்தை நிரப்பும்.

லிசெஸில் ‘தவறுகளிலிருந்து கற்றுக்கொள்’ வசதி வேகமாக ஒரு சுற்றுப் பார்க்க நல்லது. ஆனால் எஞ்சின் குறித்த நகர்த்தல்களை மட்டுமே கேட்கும். தப்பான காரணத்துக்காக ஆடி, அதிர்ஷ்டத்தால் சரியாக அமைந்த நகர்த்தல்கள் அதில் வராது. போனில் ஸ்டடிக் குறிப்பு எழுதுவது சிரமம், லேப்டாப் வேண்டும்.

முக்கிய நிலைகளைத் தனி ஸ்டடியில் இன்டராக்டிவ் லெசன் சாப்டராக (நகர்த்தலை நாமே கண்டுபிடிக்கச் சொல்லும் வகை) போட்டுவைத்து, ஒரு மாதம் கழித்து விடை பார்க்காமல் போடுங்கள். அதே தப்பு நகர்த்தல்தான் கைக்கு முதலில் வருகிறது என்றால், அந்த நிலையை மீண்டும் மரப்பலகையில் அடுக்கிக் காரணத்தைப் புதிதாக எழுதுங்கள். ஜெயித்த ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். எதிராளி பிடிக்காமல் விட்ட நம் பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.