சர்வே எழுதிச் சம்பாதிப்பது: திருப்பூர்க் கணக்கில் ஒரு மதிப்பீடு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பணம் பெறும் சர்வே தளங்களைச் சில ஆண்டுகளாக விடாமல் பயன்படுத்துகிறேன். நல்ல மாதத்தில் 500 ரூபாய் அளவுக்கு வரும். மந்தமான மாதத்தில் 150 வந்தால் பெரிது. எல்லாம் தளம் தன் கணக்கில் ஏற்றும் புள்ளிகளாகவே நின்று, கைக்கு ஒன்றும் வராத மாதங்களும் உண்டு. "வீட்டிலிருந்தே மாதம் 30,000" என்று காணொளி போடுகிறவர்களுக்குப் பணம் வருவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது சர்வே எழுதி வந்த பணமாக இருக்காது. காணொளிக்குக் கீழே ஒட்டியிருக்கும் பரிந்துரை இணைப்பில் நீங்களும் நானும் போய்ச் சேர்வதால் வருவது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து சேரும்வரை, அட்டைப்பெட்டிகள் லாரியில் ஏறி முடியும்வரை, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் இந்த வேலையில் நிறைய இருக்கிறது. இந்த ஊரில் சம்பளத்தைப் பேசும்போதே "எத்தனை ஷிப்ட்" என்றுதான் பேசுவார்கள். ஷிப்ட் கூலியோடு வைத்துப் பார்த்தால் சர்வே பணம் கணக்கிலேயே வராது. காத்திருக்கும் நேரத்தோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே ஒரு பொருள் இருக்கிறது. ஓவர்டைம் கிடைக்கும் நாளில் சர்வே எழுத உட்காருகிறவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

புதிதாகச் சேர்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தளத்தில் "10 நிமிடம், 40 ரூபாய்" என்று போட்டிருக்கும். மணிக்கு 240 ரூபாய் என்று மனம் பெருக்கிவிடும். உள்ளே போனால் வயது, பின்கோடு, படிப்பு, வருமானம், வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஆறாவது ஏழாவது நிமிடத்தில் "இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை" என்று கழற்றிவிடுவார்கள். அடுத்ததிலும் அதே கேள்விகள், அதே முடிவு. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ரிஜெக்ட் ஆன பீஸுக்குக் கூலி இல்லாதது போல, கழற்றிவிட்ட நிமிடங்களுக்குக் காசு இல்லை. சில தளங்கள் ஒப்புக்கு ஒன்றிரண்டு புள்ளிகள் தரும். எனவே தளத்தைத் திறந்த நேரத்திலிருந்து மூடிய நேரம்வரை எண்ணுங்கள். அப்படி எண்ணினால் என் கணக்கில் மணிக்கு 30 முதல் 50 ரூபாய்தான் நிற்கிறது.

கழற்றிவிடுவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நானும் கொஞ்ச காலம் திட்டியதுண்டு. பெரும்பாலும் அது ஒதுக்கீட்டுக் கணக்கு. சோப்பு விற்கும் நிறுவனம் ஓர் ஆய்வு நிறுவனத்திடம் "25 முதல் 34 வயதுப் பெண்கள் இத்தனை பேர், தென்னிந்தியாவில் இத்தனை பேர்" என்று கேட்கிறது. ஆய்வு நிறுவனம் அந்த ஆட்களைத் தேடி, உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கும் தளங்களிடம் வருகிறது. உங்கள் வகை ஆட்கள் நிரம்பிவிட்டால், நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னாலும் வெளியேதான். அவர்கள் வாங்குவது உங்கள் உழைப்பை அல்ல, நீங்கள் எந்த வகை ஆள் என்பதை. இதைப் புரிந்துகொண்ட பிறகு கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மீதிக் கோபத்துக்கு எங்கள் ஊரே காரணம். பெரும்பாலான சர்வேக்களின் தொடக்கத்தில் "நீங்களோ உங்கள் வீட்டாரோ கீழ்க்கண்ட துறைகளில் வேலை செய்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருக்கும். விளம்பரம், ஊடகம், சந்தை ஆய்வு இவற்றோடு, எதைப் பற்றிய ஆய்வோ அந்தத் துறையும் பட்டியலில் இருக்கும். விவரம் தெரிந்தவர்களும் போட்டி நிறுவனத்து ஆட்களும் உள்ளே வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உள்ளாடை, டி-சர்ட், குழந்தைகள் உடை பற்றிய ஆய்வு என்றால் ஆயத்த ஆடைத் துறை அங்கே கட்டாயம் நிற்கும். திருப்பூரில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று எதிலும் ஆள் இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்! ஆக, துணியைத் தொட்டவுடன் அதன் தரத்தைச் சொல்லக்கூடிய ஊரிடம் துணியைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வங்கிச் செயலி, பிஸ்கட், காப்பீடு, பல் துலக்கும் பசை, இருசக்கர வாகனம் ஆகியவற்றைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

இன்னொரு கேள்வித் தொகுப்பும் அடிக்கடி வரும். வீட்டில் மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, இருசக்கர வாகனம், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, சொந்த விவசாய நிலம் இவற்றில் எவையெல்லாம் உண்டு என்று கேட்பார்கள். நம் வீட்டில் திருட நினைப்பவன் எடுக்கும் பட்டியல் போலத் தோன்றும், அப்படி இல்லை. இந்தியச் சந்தை ஆய்வுத் துறை 2011-இல் கொண்டுவந்த குடும்ப வகைப்பாட்டு முறை இது. இந்தப் பதினொன்றில் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கையும், குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பும் சேர்ந்து, ஏ1 முதல் இ3 வரை 12 படிகளில் உங்களை ஒரு படியில் நிறுத்தும். எந்தப் பொருள் என்பது முக்கியமில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். எந்தச் சர்வே உங்களுக்குத் திறக்கும் என்பதைப் பல நேரங்களில் இந்தப் படியே தீர்மானிக்கிறது.

கேட்பவர்களுக்கு எளிதாகத் தெரியும் இந்தக் கேள்விகள் கொங்குப் பக்கத்து வீட்டுக்குள் வந்தால் வழக்காடு மன்றம் ஆகிவிடுகின்றன. எங்களுக்குக் காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், கொஞ்சம் இருக்கிறது. பட்டா அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்த பெயரில். மாடு மேய்கிறது, உழவு கிடையாது. அது விவசாய நிலமா என்று அப்பாவிடம் கேட்டேன். "மாடு மேய்ந்தால் விவசாயம் இல்லை என்று எவன் சொன்னான்?" என்று அவர் கேட்டார். உண்டு என்று குறித்துவிட்டேன். அதிகம் சம்பாதிப்பவர் யார் என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் என் மனைவியின் சம்பளம் என்னுடையதைத் தாண்டிவிடும். ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொண்டு ஒரே பதிலை எல்லாத் தளங்களிலும் வைத்திருக்கிறேன். அவளும் ஆட்சேபிக்கவில்லை. இந்த நிலைத்தன்மை முக்கியம்: போன மாதம் கார் இல்லை, இந்த மாதம் கார் உண்டு, அடுத்த மாதம் மறுபடி இல்லை என்றால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

இதே காரணத்தால், ஊரை மாற்றிப் போடும் தந்திரமும் வேண்டாம். பல சர்வேக்களில் நகரப் பட்டியலில் சென்னை இருக்கும், சிலவற்றில் கோயம்புத்தூரும் இருக்கும், திருப்பூர் "மற்றவை"க்குள் போய்விடும். எங்கள் பின்கோடும் 641-இல்தானே தொடங்குகிறது, கோயம்புத்தூர் என்று போட்டால் என்ன என்று தோன்றும். போடாதீர்கள். இணைய முகவரியை மறைத்து வெளிநாட்டுக்காரர்போல் நுழைவது இன்னும் மோசம். சேர்த்த புள்ளிகள் அத்தனையும் ஒரே நாளில் போகும்.

தளங்களைப் பொறுத்தவரை, கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் செயலி எனக்கு மிகக் குறைந்த தொல்லை கொடுப்பது. ஓரிரு நிமிடத்தில் முடியும் சிறு கேள்விகள். இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் போய்வந்த கடைகளைப் பற்றிக் கேட்கும். போகாத கடையையும் பட்டியலில் வைத்து நம் நேர்மையைச் சோதிக்கும். நம் நாட்டில் அது தருவது ரொக்கம் அல்ல, பிளே ஸ்டோரில் செலவழிக்கும் இருப்பு, ஓராண்டில் காலாவதியாகிவிடும். செயலிகளுக்குக் காசு கொடுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. 2000-இல் லண்டனில் தொடங்கிய யூகவ் போன்றவை சொந்த உறுப்பினர் பட்டியலை வைத்து ஆய்வு நடத்துபவை. உள்ளே போனால் பாதியில் கழற்றிவிடுவது அங்கே எனக்கு அரிதாகவே நடந்தது, புள்ளிகள் ஏறுவதும் அதே அளவு நிதானம். மூன்றாவது வகை, பிற நிறுவனங்களின் சர்வேக்களை ஒரே இடத்தில் குவித்துத் தருவது. க்ளிக்சென்ஸ் என்ற பெயரில் தொடங்கி 2019-இல் ஒய்சென்ஸ் என்று மாறிய தளம் இந்த வகை. எண்ணிக்கை நிறையக் கிடைக்கும், ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பதும் இந்த வகைக்கே உரியது. நேரம் இருந்தால் மூன்றாவது, பொறுமை இருந்தால் இரண்டாவது. எனக்கு இரண்டாவது போதும்.

பதில் எழுதும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரே நெடுக்கு வரிசையில் புள்ளி வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நடுவில் "இந்த வரியில் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கேள்விப்பட்ட பிராண்டுகளைக் கேட்கும் பட்டியலில் உலகத்திலேயே இல்லாத பெயர் ஒன்றும் இருக்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் முடித்தாலும் தள்ளிவிடுவார்கள். "ஏன் பிடித்தது?" என்று வாக்கியமாகக் கேட்கும் இடத்தில் "நன்று" என்று மட்டும் எழுதாமல் இரண்டு வரி எழுதுகிறேன். அதற்குத் தனியாகக் காசு இல்லை, ஆனால் புள்ளிகள் பின்னால் கழிக்கப்படும் ஆபத்து குறைகிறது.

கழிக்கப்படுவது என்றால் என்னவென்று சொல்லவேண்டும். சர்வே முடிந்தவுடன் ஏறிய புள்ளிகளை, வாடிக்கையாளர் நிறுவனம் பதில்களைச் சரிபார்த்த பிறகு, ஒரு மாதம் கழித்துக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், பணம் எடுக்கும் எல்லையைத் தொட்ட அதே வாரத்தில் எனக்கு ஒரு பெரிய கழிவு விழுந்தது. காரணம் கேட்டு எழுதினால் "தரக் காரணங்கள்" என்ற இரண்டே சொற்கள் வந்தன. எந்தச் சர்வே, எந்தப் பதில் என்று சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் சரக்கில் பழுது என்று வாங்குபவர் சொன்னால் எந்தப் பெட்டி, எந்தப் பீஸ் என்று காட்டித்தான் பணத்தைக் கழிக்க முடியும். அந்த மரியாதைகூடக் கிடைக்காத இடத்தில் நான் நிற்கவில்லை.

பணம் எடுப்பதில் இரண்டு வழிகள். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற கடைகளின் பரிசுக்கூப்பன் ஒன்று, இணையத்தில் பணம் அனுப்பும் சேவையான பேபால் மற்றொன்று. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள முடியும். அதற்குப் பான் எண் வேண்டும், வங்கிக் கணக்கை இணைக்கவேண்டும், வந்த தொகை அங்கேயே தங்காமல் வங்கிக்குப் போய்விடும். டாலரை ரூபாயாக்கும்போது சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஐந்து டாலர், பத்து டாலர் அளவுக்கு எனக்குக் கூப்பனே லாபம். மளிகைச் சாமானில் கழித்துக்கொள்கிறேன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் இதையும் பிற வருமானத்தில் காட்டவேண்டும், தொகை சிறிது என்பது விலக்கு ஆகாது.

இதைப்பற்றிக் கேள்விப்பட்ட பெரியப்பா மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சேர எவ்வளவு கட்டவேண்டும்?" என்பதுதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 2012-இல் பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது பணம் போட்டவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. 2024 ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின்மீது கோவையில் வழக்குப் பதிவானபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூர் அருகே புறவழிச்சாலையில் திரண்டார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்து, ஆள் சேர்த்துப் பணம் பெறும் எதற்கும் சர்வேக்கும் சம்பந்தமில்லை. உண்மையான சர்வேயில் பணம் கொடுப்பவர் உங்கள் பதில் தேவைப்படும் நிறுவனம். உங்களிடம் ஒரு ரூபாய் கேட்க அங்கே காரணமே இல்லை. "பதிவுக் கட்டணம்", "தங்க உறுப்பினர்", "கணக்கைத் திறக்க வைப்புத்தொகை" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வேறு தொழில்.

டெலிகிராமில் வரும் வேலைகள் இதைவிட நயமானவை. ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், காணொளிக்கு விருப்பம் தெரிவியுங்கள் என்பார்கள். முதல் நாளில் 150, 200 ரூபாய் உண்மையாகவே வங்கிக்கு வரும். மூன்றாம் நாள் "முன்பணம் கட்டிச் செய்யும் பணி" என்று ஆரம்பிக்கும். அங்கே போனது திரும்பாது. ஏமாந்துவிட்டால் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கவேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

நான் கொடுப்பதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். சர்வேக்கென்று தனி மின்னஞ்சல். ஆதார் எண், ஓடிபி, வங்கிக் கணக்கின் இருப்பு ஆகியவற்றுக்கு எந்தச் சர்வேயிலும் பதில் கிடையாது. வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய், என்ன மாத்திரை என்று கேட்கும் மருத்துவச் சர்வேக்களுக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும்; அப்பாவின் உடம்பு என் புள்ளிக்கு அல்ல என்று அவற்றைத் தவிர்க்கிறேன். கைப்பேசியில் என்னென்ன செயலி பயன்படுத்துகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் செயலி ஒன்றை நிறுவினால் மாதந்தோறும் புள்ளி தருவதாகவும் அழைப்பு வரும். கம்பெனியின் வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் அதை அனுமதிக்க முடியாது. தனிக் கைப்பேசி வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

பரிந்துரை இணைப்பு கேட்டு யாரும் எழுதவேண்டாம், கொடுப்பதில்லை. பயன்படுத்தாத தளங்களில் கணக்கை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அமைப்புகள் பகுதியில் கணக்கை நீக்கும் வசதி இருக்கும்; இல்லையென்றால் உதவி மையத்துக்கு எழுதித் தகவல்களை அழிக்கச் சொல்லலாம். அதற்கு முன் புள்ளிகளை மறக்காமல் கூப்பனாக்கிவிடுங்கள். கணக்கை மூடிய பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.