பொள்ளாச்சி – வால்பாறை சாலை: ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் கவனம் வேண்டும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். நிதானமாக ஓட்டினால் இரண்டரை மணி நேரம் ஆகும். கோட்டூர், அங்கலகுறிச்சி வழியாக ஆழியாறு வரை தென்னந்தோப்புக்கு நடுவே சமதளச் சாலைதான். பாலக்காட்டிலிருந்து வருகிறவர்கள் பொள்ளாச்சிக்குள் நுழையாமல் ஆனைமலை வழியாகவே ஆழியாறு வந்துவிடலாம். டேங்கைக் கீழேயே நிரப்பிவிடுங்கள்; மலைப்பாதையில் பங்க் கிடையாது. இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் செக்போஸ்டில் வேலை சட்டென்று முடியும்.

ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருப்பதால் எங்கே இருக்கிறோம் என்ற குழப்பமே வராது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் அவசியம் நிறுத்துங்கள். ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். பாறைச் சரிவில் வரையாடு நிற்பதும் உண்டு.

ஏறும்போது வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வளைவில் குறைத்தால் வண்டி திணறி நிற்கும், பின்னால் உருளும். வளைவில் பஸ் திரும்புகிறது என்றால் அதற்கு முழு ரோடும் வேண்டும். இருபதடி தள்ளியே நின்று விடுங்கள். திரும்புகிற பஸ்ஸின் பக்கத்து இடுக்கில் மூக்கை நுழைக்கிற காரால்தான் இங்கே டிராஃபிக் முடங்குகிறது.

இறக்கம்தான் இந்தச் சாலையின் உண்மையான சோதனை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும்; பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் லைனிங் காய்ந்து கருகல் வாடை வரும். அதற்கு மேலும் ஓட்டினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வாடை வந்தவுடனே ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். கியரில்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும். எஞ்சின் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்குக்கே போகும். இரண்டு பேர் ஏறிய ஸ்கூட்டரை இந்த இறக்கத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

அட்டகட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள். கவர்க்கல் பக்கம் பனி இறங்கினால் பத்தடி தெரியாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். டிம்மில் வைத்து இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

புதுத்தோட்டத்தில் மரத்துக்கு மரம் ரோட்டுக்கு மேலே பாலம் கட்டியிருப்பது சிங்கவால் குரங்குகளுக்காக. அப்படியும் அவை கீழே இறங்கும். அங்கே முப்பதுக்கு மேல் போகவே வேண்டாம். ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள்; அந்த ருசிதான் அவற்றைச் சக்கரத்துக்கு அடியில் கொண்டுவருகிறது. வால்பாறை சுற்றுவட்டாரத்தில் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த மாவட்டத்தில் மலையேற இதைவிட நல்ல சாலை இல்லை என்பது எங்கள் கருத்து. வால்பாறையோடு திரும்பாமல் சோலையாறு, மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்குவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். அது முழுக் காட்டுவழி. மாலையானால் கேரள வனத்துறை செக்போஸ்டில் உள்ளே விட மாட்டார்கள்.