அழுக்கு என்று காட்டினார்கள், போனது சீட்டின் நிறம்

போன மாதம் கோவையில் எனக்கு நடந்தது இது. காரில் லெதர் சீட் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எங்கள் வண்டிக்கு ஏழு வயது. டேன் எனப்படும் இளம்பழுப்பு நிற லெதர், அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். டிரைவர் சீட்டில் ஜீன்ஸ் சாயம் ஏறி லேசாக நீலம் பூத்திருந்தது, வேறு குறை கிடையாது. காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றுகிற ஒரு டீடெய்லிங் கடையில் லெதர் ட்ரீட்மென்ட் என்று 3,500 ரூபாய் சொன்னார்கள். சரி என்று விட்டேன்.

வேலை பார்த்த தம்பி லேபிள் இல்லாத பாட்டிலில் இருந்து எதையோ சீட் நனைய அடித்து, துணி துவைக்கிற பிரஷ் மாதிரி ஒன்றை வைத்து அழுத்தித் தேய்த்தார். பழுப்பாக நுரை வந்தது. வெள்ளைத் துணியால் வழித்து, "பாருங்கண்ணா, எவ்வளவு அழுக்கு" என்று காட்டினார். நானும் ஏழு வருட அழுக்கு போலிருக்கிறது என்று நம்பிவிட்டேன். கடைசியில் ஏதோ பூசி, கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துக் கொடுத்தார்கள்.

பத்து நாளில் பளபளப்பு போய்ப் பிசுபிசுப்பு வந்தது. நாம் ஏறி இறங்கும்போது உரசுகிற ஓரம் வெளுத்து, மெல்லிய வெடிப்பு விழ ஆரம்பித்தது. சீட்டில் இருக்கிற சின்னத் துளைகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது.

சீட் தைக்கிற ஒரு பெரியவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்ததுமே, "கலர் கோட்டிங்கை எடுத்துட்டாங்க தம்பி" என்றார். அப்புறம்தான் எனக்கே விளங்கியது. கார் லெதரில் பெரும்பாலும் தோலின் மேல் நிறப் பூச்சு, அதற்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். நாம் தொடுவதும் துடைப்பதும் அந்தப் பூச்சைத்தான். காரத்தன்மை அதிகமான, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பயன்படுத்துகிற ஆல் பர்ப்பஸ் கிளீனரைச் சரியாகத் தண்ணீர் கலக்காமல் அடித்துக் கெட்டி பிரஷ்ஷும் போட்டால் கறையோடு பூச்சும் வந்துவிடும். அந்தப் பழுப்பு நுரையில் பாதி எங்கள் சீட்டின் நிறம். மேலே பூசிய பளபளப்பு அதை மறைக்கத்தான் என்று நினைக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய வண்டி சார், லெதர் முன்னாடியே போயிருந்துச்சு" என்றார்கள். கொடுக்கும் முன் நான் ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கவில்லை. நீங்கள் ஒவ்வொரு சீட்டையும் கிட்டத்தில் இருந்து படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள், சீட்டின் அடியில் தெரியாத ஓரத்தில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள். துணியில் சீட்டின் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள்.

உண்மையில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது. வேக்குவம் போட்டு மண்ணை எடுத்துவிட்டு, லெதருக்கென்றே விற்கிற மென்மையான கிளீனரை, சீட்டில் நேராக அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து லேசாகத் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி எடுத்தால் போதும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள்.

பில் இருந்ததால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். டிரைவர் சீட்டுக்கு மறுபடி நிறம் ஏற்றும் வேலையை அந்தப் பெரியவரிடமே விட்டிருக்கிறேன்.